டீசலுக்குக் கணக்குண்டு, ஓட்டுநரின் உடலுக்கு இல்லை

திருச்சி மத்திய பேருந்து நிலையத்துக்கும் திருவரங்கத்துக்கும் இடையே ஓடும் ஒன்றாம் எண் பேருந்தின் ஓட்டுநர் பணி முடித்து இறங்குகையில், அன்றைய கணக்கு பணிமனையில் முடிந்துவிடுகிறது. ஓடிய கிலோமீட்டர், லிட்டருக்குக் கிடைத்த தூரம், வசூல், தவறிய நடை யாவும் ஏட்டில் ஏறுகின்றன. அந்த வேலை அவர் உடலை என்ன செய்தது என்பதற்கு மட்டும் ஏடில்லை.

அளக்க இயலாதது என்று இதைத் தள்ளிவிட முடியாது. 1979-இல் ராபர்ட் கராசெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் இரண்டே கேள்விகளை முன்வைத்தார். வேலை எவ்வளவு நெருக்குகிறது? அதை எப்படிச் செய்வதென்று முடிவெடுக்கும் உரிமை தொழிலாளிக்கு எவ்வளவு உண்டு? நெருக்கடி மிகுந்து, உரிமை குன்றிய இடத்திலேயே தீங்கு விளைகிறது என்றார். பின்வந்தோர் சக பணியாளரின் துணையை அந்த அளவையில் சேர்த்தனர்; உழைப்புக்கு ஈடான ஊதியத்தையும் மதிப்பையும் அளக்கத் தனி அளவை வகுத்தனர். ஐரோப்பியத் தொழிலாளர் ஏறத்தாழ 2 லட்சம் பேரின் தரவுகளைத் தொகுத்து, 2012-இல் 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. நெருக்கடி மிகுந்து உரிமை குன்றிய பணியழுத்தத்தில் இருப்போருக்கு இதய நோய் வாய்ப்பு சுமார் 23 விழுக்காடு கூடுதல் என்று அது கண்டது. புகைப்பழக்கத்தின் கேட்டோடு ஒப்பிட்டால் இது சிறிதுதான். ஆனால் புகையைத் தொழிலாளி தானே விடலாம். பணி அட்டவணையை அவரால் திருத்த முடியாது.

ஒன்றாம் எண் பேருந்தின் தடத்தையே பாருங்கள். மெயின் கார்டு கேட்டில் நெரிசல். சத்திரம் பேருந்து நிலையத்தில் குறுக்கே பாயும் ஆட்டோக்கள். காவிரிப் பாலத்தில் ஊர்ந்து நகரும் வண்டி வரிசை. மாம்பழச் சாலை திரும்பும்போதே நேரம் கடந்திருக்கும். படியில் தொங்கும் மாணவர்களையும் கண்ணாடியில் கவனித்தாக வேண்டும். நேரத்தை வகுத்தவர் ஒருவர், தாமதத்துக்கு விடை சொல்பவர் இன்னொருவர். வைகுண்ட ஏகாதசி நாள்களில் இந்நெருக்கடி எத்தனை மடங்காகும் என்பதை ஊரார் அறிவர்.

1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என வரம்பு கட்டியது. பெரும்பேறுதான் அது. எனினும் மணிகளை எண்ணும் சட்டம், அந்த மணிகளுக்குள் திணிக்கப்படும் சுமையை எண்ணுவதில்லை.

ஆகவே ஒவ்வொரு பணிமனையிலும் ஆண்டுதோறும் பணியழுத்தம் அளக்கப்பட வேண்டும். வினாத்தாளில் பெயர் கேட்கக் கூடாது. இரத்த அழுத்தத்தை ஓய்வுநாள் முகாமில் மட்டுமன்றிப் பணிநாளிலும் பார்க்க வேண்டும். நோய் கண்டவரின் வேலைக்கோ ஊதியத்துக்கோ ஊறு நேராது என்று எழுத்தில் உறுதி தர வேண்டும். அவ்வுறுதி இல்லையேல் எவரும் உண்மை சொல்லார். இந்த அளவீட்டுக்குப் பொறுப்பேற்கத் திருச்சியிலேயே கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கிடைக்கும் முடிவுகள், நடை நேரம் வகுப்போரின் மேசைக்குச் செல்ல வேண்டும். தொழிற்சங்கங்கள் அடுத்த ஊதியப் பேச்சுவார்த்தையில் இதையும் ஒரு கோரிக்கையாக வைக்கட்டும். அரசு அதை ஏற்கட்டும்.