மீசை முளைத்தால் சரியாகிவிடுமா?

என் மகனுக்கு மீசை அரும்பிவிட்டது. வயது 15. ஐந்து வயதில் கூப்பிட்டால் திரும்பமாட்டான், பேச்சு இல்லை. சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டுச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருப்பான். அந்த நாளில் எங்கள் ஊர் பூலாம்பாடியில் எனக்கு ஆறுதல் சொல்லாதவர்களே இல்லை. எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "கவலப்படாத ஆயி, மீசை மொளச்சா எல்லாம் சரியாப் போயிடும்."

மீசை வந்தாயிற்று. ஆட்டிசமும் அப்படியே இருக்கிறது. அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்ல இப்போது எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

அதில் உள்ள நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தாமதமாகப் பேசும் பிள்ளைகள் உண்டு. "எங்க மாமனாரு அஞ்சு வயசுலதான் வாயத் தொறந்தாரு" என்று வீட்டுக்கு ஒரு கதை இருக்கும். ஆனால் பேச்சு மட்டும் பிந்திய பிள்ளை, விரலை நீட்டிக் காக்காயைக் காட்டும். நாம் பார்த்தோமா என்று நம் முகத்தையும் பார்க்கும். என் மகன் எதையும் காட்டியதில்லை. அந்த மாமனார் கதையை நம்பி நான் இரண்டு வருஷம் சும்மா இருந்துவிட்டேன். அந்த இரண்டு வருஷத்தில் பயிற்சி ஆரம்பித்திருக்கலாம்.

வயது ஏறினால் என்ன ஆகும் என்பதற்கு என்னிடம் இருக்கும் சாட்சி மல்லிகைப்பூ. சின்ன வயதில் அவனுக்கு அந்த வாசனை என்றால் உயிர். பஸ்ஸில் முன் இருக்கையில் பூ வைத்த பெண் உட்கார்ந்திருந்தால், எட்டி அந்தக் கூந்தலில் மூக்கைப் புதைத்துக்கொள்வான். அவர்கள் சிரிப்பார்கள். "பூ வாசம் புடிச்சிருக்கு புள்ளைக்கு" என்று ஒரு கண்ணி கிள்ளிக் கையில் கொடுத்தவர்களும் உண்டு. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். பதினாலு வயதில் அதே பெரம்பலூர் பஸ்ஸில் அதே காரியத்தைச் செய்தான். கன்னத்தில் அறை விழுந்தது. அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அடித்திருப்பேன். அவன் அழக்கூட இல்லை, நேற்றுவரை சிரித்த ஊர் இன்றைக்கு ஏன் அடிக்கிறது என்று அவனுக்கு விளங்கவில்லை. அவன் பழக்கம் மாறவே இல்லை. உயரம்தான் மாறியது.

அதனால்தான் சொல்கிறேன், காத்திருக்கச் சொல்வது ஆறுதல் இல்லை, கெடுதல். பதினைந்து வயதில் ஊர் பொறுக்காத ஒன்றை ஐந்து வயதில் நாம் ரசிக்கக் கூடாது. இப்போது வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவன் சட்டைப்பையில் ஒரு முழம் பூவைக் கைக்குட்டையில் சுற்றி வைத்துவிடுகிறேன். வாசம் வேண்டும்போது எடுத்து முகர்ந்துகொள்கிறான். அடுத்தவர்களைப் பார்த்தால் கட்டிப்பிடிப்பதற்குப் பதிலாக வணக்கம் சொல்ல வேண்டும். இதைப் பழக்க எட்டு மாதம் ஆயிற்று. உடம்பு கேட்கிற மற்ற விஷயமும் உண்டு, கூச்சப்பட்டால் வேலை ஆகாது. அதை நிறுத்த முடியாது. "உன் அறை, கதவு சாத்தி" என்று இடத்தைத்தான் சொல்லித்தர முடியும். பெண்கள் கழிப்பறைக்குக் கூடக் கூட்டிப்போகிற வயதும் தாண்டிவிட்டது. அதனால் பஸ் ஸ்டாண்டில் ஆண்கள் கழிப்பறை வாசலில் நின்றுகொண்டு உள்ளே குரல் கொடுக்கும் அம்மாவைப் பார்த்தால் முறைக்காதீர்கள். அது நானாக இருக்கலாம்.

"அப்பன் மலேசியாவுல, ஆத்தா செல்லம் குடுத்தே கெடுத்துட்டா" என்பது அடுத்தது. இந்த ஊரில் மலேசியா, சிங்கப்பூர் போகாத வீடு குறைவு. அப்பா வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளில் கல்லூரிக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தாலே இந்தப் பேச்சு அடங்கிவிடும். தாய்மேல் பழி போடுவது நம் ஊர்ச் சரக்கும் அல்ல. அமெரிக்காவில் புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் 1967-இல் ஒரு புத்தகமே எழுதி, ஆட்டிசத்துக்கு அன்பில்லாத தாய்மார்தான் காரணம் என்றார். அங்கே குற்றம் அன்பு போதாதது, இங்கே அன்பு மிகுந்தது! ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் தந்தையான பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964-லேயே இது மூளை சம்பந்தப்பட்டது என்று எழுதியிருந்தார். இன்றைக்கு மருத்துவ உலகம் ஏற்றுக்கொள்வது ரிம்லாண்டின் பக்கத்தைத்தான்.

"ரெண்டு போடு போட்டா அடங்குவான்", "காத்து கருப்பு அண்டியிருக்கு" என்பவர்களும் வந்தார்கள். பன்னிரண்டு வயதில் திடீரென்று சுவரில் தலையை மோத ஆரம்பித்தான். குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் தங்க வை என்றார்கள். பெருமாள்மேல் எனக்கும் பக்தி உண்டு. ஆனால் அவனுடைய பயிற்சி ஆசிரியை ஒரு நோட்டுப் போடச் சொன்னார்: எப்போது மோதுகிறான், அதற்கு முன்னால் என்ன நடந்தது, பிறகு என்ன நடந்தது. மூன்றாவது வாரம் நோட்டைப் புரட்டினால், பெரும்பாலும் சாப்பாட்டுக்குப் பிறகுதான், மோதுவதும் எப்போதும் வலது கன்னப் பக்கம்தான். பல் டாக்டரிடம் கூட்டிப்போனோம். கடைவாய்ப்பல் சொத்தை, உள்ளே சீழ். பல்லைப் பிடுங்கிய வாரமே மோதுவது நின்றது. வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவன் வேறு எப்படித்தான் சொல்வான்? பதின்வயதில் முதன்முதலாக வலிப்பு வருவதும் இவர்களில் உண்டு. வெறித்துப் பார்த்தபடி உறைந்து நின்றால் வேப்பிலையைத் தேடாமல் டாக்டரைத் தேடுங்கள்.

அடிப்பதைப் பற்றி ஒரு கணக்குச் சொல்கிறேன். அடிவாங்கியவன் கற்றுக்கொள்வது அடிக்கத்தான். இன்னும் இரண்டு வருஷத்தில் அவன் என்னைவிடப் பலசாலி. அப்புறம் கட்டிப்போடச் சொல்வீர்கள். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்தபோது, மனநலம் சரியில்லை என்று சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் செத்துப்போனார்கள். கட்டியவர்களும் நல்லது என்று நினைத்துத்தான் கட்டினார்கள்.

கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகும் என்பதற்குப் பதில், உங்கள் மகளைக் கொடுப்பீர்களா என்ற கேள்விதான். இதுவரை யாரும் ஆமாம் என்றதில்லை.

இப்போது அதே வாய்கள் பேச்சை மாற்றிவிட்டன: "மீசை மொளச்சும் சரியாகல, இனிமே அவ்வளவுதான்." இதுவும் தப்பு. 1943-இல் லியோ கேனர் என்ற மருத்துவர் ஆட்டிசம் பற்றி எழுதிய கட்டுரையில் 11 பிள்ளைகள். அதில் முதல் பிள்ளை டொனால்ட் டிரிப்ளெட், அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தின் ஃபாரஸ்ட் என்ற சிற்றூர்க்காரர். சின்ன வயதில் விடுதியில் விடப்பட்டவரைப் பெற்றோர் திரும்ப அழைத்து வந்தார்கள். வளர்ந்து வங்கியில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார். 2023-இல் 89 வயதில் காலமானார். வசதியான குடும்பம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் ஆட்டிசம் எங்கேயும் போய்விடவில்லை. அவரை அப்படியே வைத்துக்கொள்ள அந்த ஊர் பழகியிருந்தது.

இன்னும் மூன்று வருஷத்தில் அவனுக்கு 18. அதற்குப் பிறகு சட்டப்படி நான் அவனுக்குக் காப்பாளராக இருக்க, 1999-ஆம் வருஷத்துத் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் இருக்கும் குழுவிடம் மனுப் போட வேண்டும். அதற்கான காகிதங்களை இப்போதே சேர்த்துக்கொண்டிருக்கிறேன். காகித வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். பெரம்பலூர் பஸ்ஸில் சட்டைப்பையில் பூவோடு ஒரு பையன் உங்களுக்கு வணக்கம் சொன்னால் பதில் வணக்கம் சொல்லிவிடுங்கள். சொல்லும்வரை அவன் விடமாட்டான்.