சாவி யாரிடம் இருக்கிறது?

ஏப்ரல் பிறந்தால் சென்னை அடுக்ககங்களின் கீழ்த்தளத்தில் உறை போர்த்திய கார்கள் கூடிவிடும். மகளின் பேறுகாலத்துக்கு நியூ ஜெர்சி போனவர்கள், பேரனைப் பார்க்க டல்லாஸ் போனவர்கள், ஊர் வீட்டை மராமத்து பார்க்கப் போய் அங்கேயே இரண்டு மாதம் தங்கிவிட்டவர்கள் என்று ஒவ்வோர் உறைக்கும் ஒரு பயணம் உண்டு. கிளம்பும் முன் வீட்டுக்கு எல்லா ஏற்பாடும் நடக்கும். பால்காரரிடமும் பேப்பர்காரரிடமும் சொல்லியாயிற்று, சிலிண்டர் ரெகுலேட்டரைக் கழற்றியாயிற்று, நகை வங்கி லாக்கருக்குப் போயாயிற்று. எட்டு லட்சமோ பதினைந்து லட்சமோ கொடுத்து வாங்கிய காருக்கு மட்டும் ஒரே ஏற்பாடுதான். “அண்ணே, வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி வைங்க” என்று வாட்ச்மேன் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிவிடுகிறோம்.

கார் திருட்டு என்று பேச ஆரம்பித்தாலே அலாரம், கேமரா, ஜி.பி.எஸ். என்று பேச்சு ஓடிவிடுகிறது. அதையெல்லாம் பிறகு பார்க்கலாம். கார் வாங்கும்போது கையில் இரண்டு சாவி கொடுத்தார்களே, அந்த இரண்டும் இந்த நிமிடம் எங்கே இருக்கின்றன? அதற்குச் சட்டென்று பதில் சொல்ல முடியாதவர்கள்தான் நம்மில் அதிகம்.

பல அடுக்ககங்களில் செக்யூரிட்டி அறைக்குள் ஒரு பிளைவுட் பலகை தொங்கும். வரிசையாக ஆணி, ஒவ்வோர் ஆணிக்கு மேலும் மார்க்கரில் வீட்டு எண். ஜி-1, எஃப்-2, எஸ்-3. ஒருவர் காரை மறித்து இன்னொருவர் கார் நிற்கும் வளாகங்களில் இந்தப் பலகை இல்லாமல் காலை எட்டு மணியைத் தாண்ட முடியாது. அண்மையில் அப்படி ஒரு பலகையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு சாவியில் செலோடேப் போட்டு ஒட்டிய துண்டுச் சீட்டில் காரின் பதிவெண். இன்னொன்றில் ‘அக்டோபர்’ என்று எழுதியிருந்தது, உரிமையாளர் திரும்பி வரும் மாதம். நான் நின்ற நேரத்தில் வாட்ச்மேன் அங்கே இல்லை. தண்ணீர் லாரிக்கு கேட் திறந்துவிட்டு, ஓஸ் மாட்டப் பின்பக்கம் போயிருந்தார். அவர் திரும்பும்வரை யார் வந்திருந்தாலும் எந்தச் சாவியையும் எடுத்திருக்கலாம்.

அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டில் மோட்டார் போட வேண்டும், கூரியர் வாங்க வேண்டும், லிஃப்டில் மாட்டியவரை வெளியே எடுக்க வேண்டும். இதற்கு நடுவே ஒரு கோடி ரூபாய்க்கு மேல் பெறும் கார்களின் சாவிகளையும் அவர் தலையில் கட்டியிருக்கிறோம், பூட்டு இல்லாத ஒரு பலகையில். ஒரு கார் காணாமல் போனால் முதலில் விசாரணைக்கு அழைத்துப் போகப்படுகிறவர் அவர்தான். அவருக்காகப் பேச அசோசியேஷனிலிருந்து யாரும் ஸ்டேஷன் வாசல்வரைகூட வருவதில்லை. எனக்கு இதில் கார் போவதைவிடப் பெரிய வருத்தம் இதுதான்.

சரி, வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் செய்யத்தானே சாவியைக் கொடுக்கிறோம்? அந்தத் தேவையே இல்லாமல் செய்துவிடலாம். நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் இன்ஜினை ஓட்டி நிறுத்தினால், ஸ்டார்ட் செய்யச் செலவான சார்ஜ்கூடச் சரியாகத் திரும்புவதில்லை. மாதக்கணக்கில் போகிறவர்கள் பேட்டரியின் மைனஸ் டெர்மினலைக் கழற்றி வைத்துவிட்டுப் போகலாம். பெரும்பாலான கார்களில் 10 நம்பர் ஸ்பேனர் ஒன்று போதும். திரும்பி வந்து மாட்டும்போது கடிகாரத்தையும் ஜன்னல் கண்ணாடியின் ஆட்டோ வசதியையும் மறுபடி செட் செய்ய வேண்டியிருக்கலாம். புதிய கார் என்றால் ஒருமுறை சர்வீஸ் சென்டரில் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். கழற்றிய பிறகு ரிமோட் வேலை செய்யாது. ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியால்தான் கதவைப் பூட்ட வேண்டும்; அது அங்கே இருப்பதே பலருக்குத் தெரியாது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவைத்தால் நாள்பட ஒட்டிக்கொள்ளும். எனவே கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்துவிடுங்கள். யாருக்கும் வழி மறிக்காத உள்ளோரத்து இடத்தை நீங்கள் இல்லாத மாதங்களுக்கு மாற்றிக்கொள்ள அக்கம்பக்கத்தாரிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். அதன் பிறகு உங்கள் சாவி அந்தப் பலகையில் தொங்க ஒரு காரணமும் இல்லை.

தெருவில் நிறுத்துகிறவர்களுக்குக் கணக்கு வேறு. பேட்டரியைக் கழற்றினால் அலாரமும் ஓய்ந்துவிடும், ஜி.பி.எஸ். கருவியும் தன் சிறிய பேட்டரியில் கொஞ்ச காலம்தான் தாக்குப்பிடிக்கும். அங்கே பேட்டரியை விட்டுவைப்பதே நல்லது. தெருவில் இன்னொன்றும் காட்டிக்கொடுக்கும். கண்ணாடியில் படிந்த புழுதி, வைப்பருக்கு அடியில் சேர்ந்த வேப்பிலை, செருகிய விளம்பரத் தாள்கள் எல்லாம் ‘இந்தக் காருக்கு ஆள் ஊரில் இல்லை’ என்று தெருவுக்கே சொல்லும். தினமும் வண்டி துடைக்க வருகிறவரை நீங்கள் இல்லாத மாதங்களிலும் வரச் சொல்லுங்கள். துடைக்கச் சாவி தேவையில்லை.

கையில் சாவியே இல்லாமலும் இப்போது கார்கள் போகின்றன. பட்டனை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் கார், தன் சாவி அருகில் இருக்கிறதா என்று ரேடியோ அலையில் கேட்டுப் பார்க்கிறது. சாவி பதில் சொன்னால் கதவு திறக்கிறது. திருட இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவர் ஒரு கருவியுடன் வீட்டு வாசல் அருகே நிற்கிறார், இன்னொருவர் மற்றொரு கருவியுடன் கார் அருகே. காரின் கேள்வியைக் கார் அருகே உள்ள கருவி வாங்கி வாசலில் உள்ள கருவிக்கு அனுப்ப, உள்ளே இருக்கும் சாவி தன் கார் பக்கத்தில் வந்துவிட்டதாக எண்ணிப் பதில் கொடுத்துவிடுகிறது. இன்ஜின் ஒருமுறை ஓட ஆரம்பித்துவிட்டால், சாவி விலகிப்போனாலும் பாதுகாப்புக் கருதி அது நிற்காது. நம் வீடுகளில் சாவி மாட்டும் ஸ்டாண்ட் எங்கே இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். வாசல் கதவை ஒட்டி, செருப்பு அலமாரிக்கு மேலே. வாசலில் நிற்கும் ஆளுக்கு அதைவிட வசதியான இடம் கிடைக்காது.

இதற்கு மாற்று, மூடி இறுக்கமாகப் பொருந்தும் ஓர் உலோக டப்பா. சாவியை அதில் போட்டு மூடி, கையில் எடுத்துக்கொண்டு கார் அருகே போய்க் கதவைத் திறந்து பாருங்கள். திறந்தால் அந்த டப்பா உதவாது, வேறு எடுங்கள். எல்லா டப்பாவும் அலையை மறிக்காது, சோதித்துத்தான் நம்ப வேண்டும்.

திருடர்களுக்கு இன்னொரு வழி, ஸ்டீயரிங்குக்குக் கீழே மெக்கானிக் ஸ்கேனர் செருகும் ஓ.பி.டி. போர்ட். உள்ளே நுழைந்துவிட்டால் அதன் வழியாகவே வெற்றுச் சாவி ஒன்றைக் காருக்குப் பழக்கிவிடும் கருவிகள் உண்டு. 2025இல் சென்னை அண்ணா நகரில் ஒரு வீட்டு முன் நின்ற சொகுசு கார் திருடுபோன வழக்கில், ராஜஸ்தானைச் சேர்ந்த எம்.பி.ஏ. பட்டதாரி ஒருவரைப் புதுச்சேரியில் போலீசார் கைது செய்ததாகச் செய்தி வந்தது. பல மாநிலங்களில் ஆண்டுக்கணக்கில் இதே வேலை என்றார்கள். மின்னணுவியல் படித்தவர்களுக்கும் விலக்கில்லை. லண்டனில் 2022இல் இயன் டேபர் என்ற வாகன இணையப் பாதுகாப்பு ஆய்வாளரின் டொயோட்டா ராவ்4 திருடுபோனது. முன் விளக்கின் வயரைப் பிடித்து, அதன் வழியாகக் காரின் உள் வலையமைப்புக்குள் போலிக் கட்டளை அனுப்பும் முறை ஒன்று இருப்பதை அவரும் அவர் சகா கென் டிண்டலும் ஆராய்ந்து 2023இல் வெளியிட்டார்கள். அந்த முறை வெளியே தெரிய வந்ததற்கே அந்தத் திருட்டுதான் காரணம்.

இவ்வளவு நுட்பத்துக்கு எதிராக நான் சிபாரிசு செய்வது பழைய இரும்பைத்தான். கியர் லாக், ஸ்டீயரிங் லாக். இன்ஜின் ஓடினாலும் கியர் விழாது, சக்கரம் திரும்பாது. லேப்டாப்புடன் வந்தவர் இரும்பை அறுக்க உட்கார வேண்டும். அதற்குச் சத்தமும் நேரமும் ஆகும். இன்னும் கொஞ்சம் மெனக்கெட்டால், நம்பகமான ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் சொல்லி பெட்ரோல் பம்பின் இணைப்பைத் துண்டிக்கும் ரகசிய சுவிட்ச் வைக்கலாம். வாரன்டி இருக்கும் காருக்கு மட்டும் வயரை வெட்டும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். ஃபாஸ்டேக் கண்ணாடியில் ஒட்டியிருக்கட்டும். திருடனுக்கு அதைக் கிழிக்கத் தோன்றாவிட்டால், சுங்கச்சாவடியைத் தாண்டும்போது உங்கள் போனுக்குக் குறுஞ்செய்தி வரும், எந்தச் சாவடி என்பதோடு. வெளிநாட்டில் இருக்கும்போது அந்த எண் வேலை செய்ய வேண்டும், அல்லது சிம் கார்டை ஊரில் இருக்கும் யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

இனி பணம். 2018 செப்டம்பர் முதல் புதிய கார் வாங்கும்போதே மூன்று ஆண்டுக்கான மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அதோடு சேர்த்து எடுக்கும் சொந்தச் சேதத்துக்கான பகுதி பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான். ‘மூன்று வருஷம் இன்ஷூரன்ஸ் இருக்கு’ என்று நம்பி இரண்டாம் ஆண்டு புதுப்பிக்காமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். மூன்றாம் நபர் காப்பீட்டில் கார் திருட்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது. விமானம் ஏறும் முன் சொந்தச் சேதப் பகுதி முடியும் தேதியை ஒருமுறை பாருங்கள்.

கார் போய்விட்டால் காப்பீட்டு நிறுவனம் கேட்கும் பொருள்களில் முக்கியமானது சாவி, அதுவும் இரண்டும். ஒன்று பலகையில் தொங்கித் தொலைந்திருந்தால், ‘அந்தச் சாவியால்தான் எடுத்தார்கள், உங்கள் அலட்சியம்’ என்ற வாதம் உடனே வரும். சாவி தொலைந்தால் அன்றே நிறுவனத்துக்கு எழுதுங்கள், பழைய சாவியைக் காரின் நினைவிலிருந்து நீக்கச் சொல்லுங்கள். செகண்ட் ஹேண்ட் கார் வாங்குகிறவர்களும் இரண்டு சாவியையும் கேட்டு வாங்கி, வேறு சாவி ஏதும் காரின் நினைவில் இருந்தால் நீக்கச் சொல்ல வேண்டும். போலீசில் புகார் கொடுத்ததும், புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதுடன் திரும்பிவிடாதீர்கள், காப்பீட்டுக்குத் தேவை எஃப்.ஐ.ஆர். கார் கிடைக்கவில்லை என்றால் பின்னர் போலீசாரிடமிருந்து அதற்கான சான்றிதழும் வாங்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து நேர வேறுபாட்டோடு அலைந்து நிறுவனத்துக்குச் சொல்லத் தாமதமானாலும் மனம் தளர வேண்டாம். போலீசில் உடனே புகார் கொடுத்திருந்தால், காப்பீட்டு நிறுவனத்துக்குத் தாமதமாகச் சொன்னது ஒன்றை மட்டும் காட்டி இழப்பீட்டை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2020 ஜனவரியில் ஒரு டிராக்டர் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது.

சாவியை வாங்கிக்கொள்கிறவருக்கு என்ன பொறுப்பு என்பதையும் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 1998 ஆகஸ்டில் டெல்லி தாஜ் மகால் ஓட்டலுக்கு மாருதி ஜென் காரில் வந்த ஒருவர், நிறுத்தச் சொல்லிச் சாவியை ஊழியரிடம் கொடுத்தார். நள்ளிரவுக்குப் பின் வெளியே வந்தபோது காரை வேறு யாரோ ஓட்டிக்கொண்டு போயிருந்தார்கள். டோக்கனில் ‘உரிமையாளர் பொறுப்பு’ என்று அச்சிட்டிருந்தோமே என்றது ஓட்டல். சாவியோடு காரை வாங்கிக்கொண்ட பிறகு, தன் கவனக்குறைவால் அது போனால் அந்த வரியைக் காட்டித் தப்ப முடியாது என்று 2019 நவம்பரில் தீர்ப்பு வந்தது. இடையில் இருபத்தோர் ஆண்டு.

அது ஓட்டல். ஆள் வைக்கவும், வழக்கு நடத்தவும், இழப்பீடு கட்டவும் அதனால் முடியும். நம் அடுக்ககத்து வாட்ச்மேனுக்கு இதில் எது முடியும்? அவர் கைக்குச் சாவி போகாமல் பார்த்துக்கொள்வது உரிமையாளர்களின் வேலை. கார்களை நகர்த்தியே ஆக வேண்டிய வளாகங்களில் பலகையைக் கழற்றிவிட்டு, சுவரில் பதித்த பூட்டுள்ள இரும்புப் பெட்டி ஒன்று வைக்கலாம். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்தால் ஒரு டேங்கர் தண்ணீருக்குக் கொடுப்பதைவிடக் குறைவாகத்தான் வரும். சாவியில் பதிவெண் வேண்டாம், திரும்பி வரும் மாதமும் வேண்டாம். எடுத்த நேரம், வைத்த நேரம், கையெழுத்து என்று ஒரு நோட்டு இருக்கட்டும். நாளை ஏதாவது ஆனால், ‘என் ஷிஃப்டில் இந்தச் சாவி வெளியே போகவில்லை’ என்று காட்ட வாட்ச்மேனிடம் இருக்கும் ஒரே ஆதாரம் அந்த நோட்டுதான். ஊருக்குப் போகிறவர்களின் சாவிகள் அந்தப் பெட்டிக்குள்ளும் போகக் கூடாது. இரண்டையும் வெவ்வேறு இடத்தில் வையுங்கள்: ஒன்று உங்கள் பையில், மற்றொன்று அதே ஊரில் இருக்கும் தம்பி வீட்டிலோ மைத்துனர் வீட்டிலோ. எங்கள் அசோசியேஷன் கூட்டம் வரும் ஞாயிற்றுக்கிழமை. பெட்டிக்கும் நோட்டுக்கும் ஒரு தீர்மானம் எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன்.