ஒரு தரம் படித்தது போதுமா?

நமது நாட்டில் பஞ்சாங்கத்தைக்கூட வருஷத்திற்கொரு முறை புதிதாக அச்சடித்து விற்கின்றார்கள். ஆனால் குடும்பக் கட்டுப்பாட்டு நிலையத்தில் வேலை பார்க்கும் நர்சுக்கும் வைத்தியருக்கும் மாத்திரம், வேலைக்கு வருமுன் கற்றதே ஆயுள் பரியந்தம் போதுமென்று நினைக்கின்றவர்கள் இருக்கின்றார்கள். இது என்ன நியாயம் என்று கேட்கின்றோம்.

இந்தியா 1952-லேயே கர்ப்பத்தடையை அரசாங்கத் திட்டமாக்கிற்று. அதன் பின் சாதனங்கள் எத்தனையோ மாறிவிட்டன. 2017-ல், மூன்று மாதத்திற்கொரு முறை போடும் ஊசியும், சாயா என்னும் மாத்திரையும் அரசாங்கத் திட்டத்தில் சேர்ந்தன. சாயாவை முதல் மூன்று மாதம் வாரம் இரு முறையும், பிறகு வாரம் ஒரு முறையும் சாப்பிட வேண்டும். தினம் ஒன்று என்ற பழைய மாத்திரைக் கணக்கை மாத்திரம் படித்தவர் இதைத் தப்பாகச் சொல்லிவிட்டால், அதன் பலன் யார் தலையில் விடியும்? சொன்னவர் தலையிலா, கேட்டு நடந்த பெண்ணின் தலையிலா?

சட்டத்தின் கதியும் இதுதான். 1971-ல் வந்த கருக்கலைப்புச் சட்டம் 2021-ல் திருத்தப்பட்டது. கர்ப்பத்தடை தவறி உண்டான கருவை 20 வாரத்திற்குள் கலைத்துக்கொள்ள, கலியாணமாகாத பெண்ணுக்கும் இப்போது இடமுண்டு. 18 வயது நிரம்பியவளுக்குத் தன் சம்மதமே போதும். புருஷன் கையெழுத்தைச் சட்டம் என்றைக்கும் கேட்டதில்லை. சட்டம் கேட்காததை மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் கேட்பானேன்? பெண் இன்னொருவர் சொத்து என்கின்ற பழைய புத்தியன்றி வேறென்ன?

ஆணுக்குச் செய்யும் ஆப்ரேஷன் சுலபமானது. வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. ஆயினும் 2019-21 கணக்குப்படி, கலியாணமான பெண்கள் 100 பேரில் சுமார் 38 பேர் தாங்களே ஆப்ரேஷன் செய்துகொண்டவர்கள். புருஷன் செய்துகொண்டதோ 100-க்கு ஒன்றுகூட இல்லை. ஆண்பிள்ளைக்குப் பலம் போய்விடும் என்ற மூடநம்பிக்கையை ஒழிக்க வேண்டியவர்களே அதை நம்பிக்கொண்டிருந்தால் ஊரார் எப்படித் திருந்துவார்கள்?

2014 நவம்பரில் சத்தீஸ்கர் பிலாஸ்பூரில் ஒரே வைத்தியர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆப்ரேஷன் செய்தார். நாளொன்றுக்கு 30-க்கு மேல் கூடாதென்பது அரசாங்கமே எழுதி வைத்த விதி. அந்த வாரம் அம்மாவட்டத்து முகாம்களுக்குப் போனவர்களில் 13 பெண்கள் மாண்டார்கள். இம்முகாம்களை மூன்று வருஷத்திற்குள் நிறுத்தும்படி 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்ல வேண்டியதாயிற்று. விதி காகிதத்திலிருந்து என்ன பயன்? கையிலும் புத்தியிலும் இருந்தாலல்லவா உயிர் பிழைக்கும்?

பயிற்சி கொடுத்தால் செலவு, வேலை கெடும் என்பார்கள். தப்பான வைத்தியத்திற்குச் செலவில்லையா? ஆஜர் புஸ்தகத்தில் கையெழுத்துப் போட்டு, டீ குடித்துவிட்டு வருகின்ற பயிற்சியை நாம் கேட்கவில்லை. வருஷந்தோறும், வைத்தியர் முதல் கிராம நர்சு வரை, செய்து காட்டிக் கற்று, பரீட்சை கொடுக்கும்படியான பயிற்சியே வேண்டும்.

தோழர்களே! நீங்களும் நிலையத்திற்குப் போனால் கை கட்டி நிற்காதீர்கள். என்னென்ன முறைகள் இருக்கின்றன, ஆணுக்கு எது, பெண்ணுக்கு எது, எதில் என்ன தொந்தரவு என்று ஒவ்வொன்றாய்க் கேளுங்கள். கேட்கின்றவன் இருந்தால்தான் சொல்லுகின்றவன் படிப்பான்.