கிண்ணம் வேண்டாம், பருவம் தாருங்கள்

சில வாரங்களுக்கு முன்னர் ரொறன்ரோவிலிருந்து என் பழைய வகுப்புத் தோழன் ஒருவன் தொலைபேசியில் அழைத்தான். காலஞ்சென்ற தகப்பனாரின் நினைவாக வன்னியில் ஒரு கூடைப்பந்தாட்டச் சுற்றுப்போட்டி நடத்த வேண்டுமாம். "மச்சான், ஒரு நாள் சுற்று வைப்பம். நல்ல பெரிய கிண்ணமாக் குடுப்பம். பேப்பரிலை படத்தோடை வாறதுக்கு நீ ஒழுங்கு செய்" என்றான்.

நான் உடனே சம்மதிக்கவில்லை. அவனுடைய மகன் அங்கே பாடசாலை அணியிலும் வார இறுதிக் கழகம் ஒன்றிலும் கூடைப்பந்தாடுகிறான் என்பது எனக்குத் தெரியும். கடந்த ஆண்டில் பெடியன் எத்தனை ஆட்டம் ஆடியிருப்பான் என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "நாற்பதுக்கு மேலை வரும்" என்றான். பெற்றோலுக்கே எவ்வளவு போனது என்ற முறைப்பாடும் கூடவே வந்தது. வன்னிப் பெடியனுக்கு ஒரு நாள் போதும் என்று உனக்கு எப்படித் தோன்றியது என்று கேட்டேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கும் வந்தது. அந்தக் கோபத்தில் தொலைபேசியில் சொல்ல முடியாமற்போனதையே இங்கு எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், வன்னிப் பாடசாலை ஒன்றின் ஆண்கள் அணி வெளியூருக்குச் சென்று ஆடியதை நேரில் பார்த்தேன். பாடசாலையின் பெயர் இங்கு அவசியமில்லை. அந்தப் பிள்ளைகள் இன்று வளர்ந்து குடும்பகாரர்களாகிவிட்டார்கள். விடிவதற்கு முன்பே வாடகை வான் ஒன்றில் புறப்பட்டு வந்திருந்தார்கள். பன்னிரண்டு பேருக்கு ஏழு சோடி சப்பாத்து. களத்திலிருந்து வெளியே வருபவன் கழற்றிக் கொடுக்க, உள்ளே போகிறவன் மாட்டிக்கொண்டு ஓடினான். எதிரே நகரத்துக் கல்லூரி ஒன்று. ஆட்டம் 71க்கு 12 என்று முடிந்தது. நொக்கவுட் முறை. அந்தப் பிள்ளைகளின் கூடைப்பந்தாட்ட ஆண்டு அந்த ஒரு முற்பகலோடு முடிந்தது. நான்கு தரம் பத்து நிமிடம், மொத்தம் 40 நிமிடம்.

அன்று நான் கவனித்தது புள்ளிகளையல்ல. அந்தப் பிள்ளைகள் எவரும் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு முன்னேற முயலவேயில்லை. கிடைத்ததும் உடனே மற்றவனுக்கு எறிந்தார்கள். அதுவும் அழகான, குறிதவறாத எறிகைகள். முதலில் இது பயிற்சியாளரின் திட்டம் என்றே நினைத்தேன். இடைவேளையில் அவரிடமே கேட்டேன். அவர் கணித ஆசிரியர். விதிகளைக் கைத்தொலைபேசியில் பார்த்துப் படித்தவர். "சேர், நாங்கள் பழகிறது கிறவல் நிலத்திலை. அதிலை பந்தைத் தட்டினால் எந்தப் பக்கம் போகும் எண்டு சொல்லேலாது. அதாலை தட்டாமல் விளையாடப் பழகியிருக்கிறம்" என்றார்.

வாசகர்கள் இதைக் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். இந்த விளையாட்டில் பந்து கைக்கு வந்தபின் எட்டு விநாடிக்குள் அதைத் திடலின் மறுபாதிக்குக் கொண்டுசென்றாக வேண்டும். எதிரணி திடல் முழுவதும் நெருங்கி நின்று ஆளுக்கு ஆள் மறித்தால், எறிவதற்கு ஆள் அகப்படாது. தட்டிக்கொண்டு வெட்டி ஓடுவதுதான் வழி. நகரத்து அணியின் பயிற்றுநர் இந்தக் குறையை இரண்டே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். அதன் பின்னர் நடந்ததை ஆட்டம் என்று சொல்வது பொருந்தாது. எங்களுடைய பிள்ளைகள் தோற்றது உயரத்தாலோ திறமைக் குறைவாலோ அல்ல. 28 மீற்றர் நீளமும் 15 மீற்றர் அகலமும் கொண்ட சீமெந்துத் தரை ஒன்று இல்லாததால் தோற்றார்கள்.

சீமெந்து என்றதும் ஒன்றைச் சொல்லாமல் நகர முடியாது. வன்னி ஏன் உதைபந்தாட்டத்திலும் கரப்பந்தாட்டத்திலும் ஊறிய மண்ணாயிற்று என்று கேட்டால் உடல்வாகு, மரபு என்று ஏதேதோ சொல்வார்கள். அவற்றையும் நான் மறுக்கவில்லை. ஆனால் 1990களில் அரசாங்கம் விதித்த பொருளாதாரத் தடையின் கீழ் வன்னிக்குக் கொண்டுசெல்லக் கூடாதென்றிருந்த பொருட்களில் சீமெந்தும் ஒன்று. பதுங்குகுழி கட்டிவிடுவார்களாம். உதைபந்துக்கு வயல்வெளி போதும். கரப்பந்துக்கு இரண்டு கம்பமும் ஒரு வலையும் போதும். கூடைப்பந்துக்கு மட்டும் தடைசெய்யப்பட்ட பொருள் தேவைப்பட்டது. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் எந்த விளையாட்டை ஆடலாம் என்பதைச் சோதனைச் சாவடி தீர்மானித்தது. 2002இல் ஏ9 வீதி திறந்தது. 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. 2009 ஜனவரியில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெறும் இடிபாடுகள். அதன்பின் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் செட்டிகுளம் முகாம்களில். மெனிக் பாம் முற்றாக மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். அந்தக் கூடாரங்களுக்கிடையே கிட்டிப்புள் ஆடிய சிறுவர்களை நான் கண்டிருக்கிறேன்.

அது பழைய கதை, இன்று சீமெந்துக்குத் தடையில்லையே என்பீர்கள். உண்மை. ஆங்காங்கே திடல்களும் வரத் தொடங்கியுள்ளன. அதனால்தான் இன்றைய தடை வேறெங்கோ இருக்கிறது என்கிறேன். ஒரு திடலைக் கட்டி, ஒரு பெயர்ப்பலகை மாட்டி, நாடா வெட்டிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். ஓர் அணியை உருவாக்குவது திடலல்ல, பருவம். வாரத்துக்கு வாரம் ஆட்டம். தோற்றால் அடுத்த கிழமை திருத்திக்கொள்ள ஓர் ஆட்டம்.

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தாட்டத்தை எடுத்துக்கொள்வோம். மார்ச் மாதத்தில் 68 அணிகள் மோதும் நொக்கவுட் சுற்று உலகப் புகழ்பெற்றது. அதைப் பார்த்துத்தான் நமது ஆட்களுக்கும் 'ஒரு நாள் சுற்று' ஆசை வருகிறது. ஆனால் அந்தச் சுற்றுக்கு வருமுன்னர் ஒவ்வோர் அணியும் நவம்பரிலிருந்து முப்பது ஆட்டங்கள்வரை ஆடி முடித்திருக்கும் என்பதைக் கவனிப்பதில்லை. அங்கு நொக்கவுட் என்பது பருவத்தின் முடிவு. நமக்கோ அதுவே தொடக்கமும் முடிவும்.

2018ஆம் ஆண்டு மார்ச் 16. வேர்ஜினியாப் பல்கலைக்கழக அணி அந்தச் சுற்றுக்கு முதல்தர அணியாக வந்திருந்தது. அந்தப் பருவத்தில் 31 வெற்றிகள். எதிரே பதினாறாம் தரத்தில் வைக்கப்பட்டிருந்த, மேரிலான்ட் பல்கலைக்கழகம் - பால்ரிமோர் கவுன்ரி அணி. ஆண்கள் சுற்றில் பதினாறாம் தரம் முதல்தரத்தை வென்ற வரலாறு அதுவரை இல்லை. வேர்ஜினியா 54க்கு 74 என்று தோற்றது. நாடே சிரித்தது. காயத்தால் அந்த ஆட்டத்தில் ஆட முடியாமற்போனவர் டிஆண்ட்ரே ஹன்ரர். அடுத்த பருவத்தில் அதே பயிற்றுநர் ரொனி பெனற், பெரும்பாலும் அதே பிள்ளைகளுடன் 35 ஆட்டங்களை வென்றார். 2019 ஏப்ரல் 8ஆம் திகதி நடந்த இறுதி ஆட்டத்தில், மேலதிக நேரத்தில் ரெக்சஸ் ரெக் அணியை 85க்கு 77 என்று வீழ்த்திக் கிண்ணத்தைக் கொண்டுபோனார்கள். ஹன்ரர் மட்டும் 27 புள்ளிகள்.

இதை விடாமுயற்சிக் கதையாக மேடைகளில் சொல்லிக் கைதட்டு வாங்கலாம். எனக்கு அதில் தெரிவது வேறு. அவமானப்பட்ட பிள்ளைகளுக்கு அதைக் கழுவிக்கொள்ள மறு ஆண்டில் 38 ஆட்டங்கள் கிடைத்தன. 71க்கு 12 என்று தோற்ற நம் பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது? அன்று பின்னேரம் வானில் ஏறினார்கள். மறு ஆண்டு அவர்களில் பாதிப்பேர் உயர்தரப் பரீட்சை என்று ஒதுங்கினர். கணித ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் சென்றார். கிறவல் நிலத்தில் புல் முளைத்தது.

குற்றவாளிகளைத் தேடினால் முதலில் எங்கள் தொழிலையே நிறுத்த வேண்டும். வன்னியில் எந்த விளையாட்டு நடந்தாலும் பத்திரிகையில் வருவது பிரதம விருந்தினர் கிண்ணம் கொடுக்கும் படம். ஆடிய பிள்ளையின் தலை பாதி வெட்டுப்பட்டிருக்கும். விருந்தினரின் மாலை முழுதாக இருக்கும். அந்தப் படங்களுக்குத் தலைப்பு எழுதியவர்களில் நானும் ஒருவன். மூன்றாமிடம் வந்தாலும் 'வன்னி மாணவர் சாதனை' என்று போட்டிருக்கிறேன். அது பாராட்டல்ல, இரக்கம். இரக்கத்துக்குப் பழகிய அதிகாரிகள் அதற்கு மேல் எதையும் செய்ய வேண்டியதில்லை என்று விளங்கிக்கொண்டார்கள்.

அடுத்தது கல்வித் திணைக்களம். வலயம், மாகாணம், தேசியம் என்று ஓர் ஏணியை வைத்திருக்கிறார்கள். நல்ல ஏணிதான். ஆனால் நொக்கவுட் முறை தூரத்திலிருந்து வருபவனைத்தான் அதிகம் தண்டிக்கும். பக்கத்து ஊர்களில் நாலு நல்ல அணிகள் இருக்கும் கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணக் கல்லூரிகள் தோற்றாலும் அடுத்த சனிக்கிழமை சிநேகபூர்வ ஆட்டம் ஒன்றை ஒழுங்கு செய்துகொள்ளும். முல்லைத்தீவிலிருந்து கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். அவ்வளவு தூரம் பயணம் செய்து 40 நிமிடம் ஆடிவிட்டுத் திரும்பும் பிள்ளையிடம் 'சம வாய்ப்பு' என்று சொல்வதற்குத் துணிவு வேண்டும்.

"ரியூசனுக்குப் போகிற பிள்ளையைக் குழப்பாதீர்கள்" என்று ஓர் அதிபர் என்னிடம் சொன்னார். சனி, ஞாயிறு முழுவதும் தனியார் வகுப்பில் அடைத்துவைப்பதைப் படிப்பு என்று அவர் நம்புகிறார். போகட்டும். பிழைப்பே பெரும்பாடாக இருக்கும் இடத்தில் பந்தாட்டம் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. அந்தக் கேள்வியைக் கொழும்பில் யாரும் கேட்பதில்லை, ரொறன்ரோவிலும் கேட்பதில்லை. வன்னிப் பிள்ளை விளையாட வேண்டுமென்றால் மட்டும் முதலில் வறுமை ஒழிய வேண்டுமாம்.

என் கேட்பு பெரியதல்ல. வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மூன்று மாவட்டங்களிலுமிருந்து ஆறு பாடசாலைகள். ஒவ்வோர் அணியும் மற்ற ஐந்தையும் சொந்த மண்ணில் ஒரு தடவை, அவர்கள் மண்ணில் ஒரு தடவை சந்திக்கட்டும். மொத்தம் 30 ஆட்டங்கள். ஓர் அணிக்குப் பத்து. வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடையே ஏ9 வீதியில் 80 கிலோமீற்றர்கூட இல்லை. காலையில் போய்ப் பின்னேரம் திரும்பலாம். செலவு என்பது பஸ், மதியச் சாப்பாட்டுப் பார்சல், நடுவர் கொடுப்பனவு, சப்பாத்து. கிண்ணமே தேவையில்லை. கடைசியில் ஒரு பந்தைக் கொடுங்கள், போதும்.

நடுவருக்கும் பயிற்றுநருக்கும் எங்கே போவது? பம்பைமடுவில் 2021 ஓகஸ்டிலிருந்து வவுனியாப் பல்கலைக்கழகம் தனித்து இயங்குகிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் இருக்கின்றன. தீவின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் பிள்ளைகள் அங்கு வந்து படிக்கிறார்கள். பாடசாலைக் காலத்தில் நல்ல திடல்களில் ஆடிய தமிழ், சிங்கள, முஸ்லிம் பெடியன்கள் சிலராவது அவர்களுக்குள் இருப்பார்கள். சனிக்கிழமையில் அவர்களை அழைத்து ஊதுகுழலைக் கையில் கொடுப்பதற்கு எந்த அமைச்சின் அனுமதியும் தேவையில்லை. நல்லிணக்கம் என்ற பெயரில் நட்சத்திர விடுதிகளில் நடக்கும் கருத்தரங்குகளைவிட அது மலிவாகவும் முடியும்.

இவ்வளவையும் தோழனுக்கு மின்னஞ்சலில் எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து அழைத்தான். கோபம் தணிந்திருந்தது. "அப்ப அப்பான்ரை பேர் எங்கை வரும்?" என்று கேட்டான். பஸ்ஸின் முன்கண்ணாடியில் ஒட்டலாம் என்றேன். சிரித்தான். முல்லைத்தீவிலிருந்து வவுனியாவுக்கு ஒரு பஸ் போய்வர என்ன கேட்பார்கள் என்று விசாரிக்கச் சொன்னான். விசாரித்து எழுதி அனுப்பிவிட்டேன். இன்னும் பதில் வரவில்லை.