அவன் இனி மனுஷனா வருவானா?



சில மாதங்களுக்கு முன் பெண்கள் வகுப்பு முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு ஒரு தாய் மட்டும் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். அவருடைய மகன் குடுவுக்கு அடிமையாகி, புனர்வாழ்வு நிலையத்தில் இருந்து, மறுமாதம் வீடு வரவிருந்தான். "குடு அடிச்சவன் மையத்தாகிற வரைக்கும் குடுகாரன்தான்னு எல்லாரும் சொல்றாங்க மௌலவி. அவன் இனி மனுஷனா வருவானா?" என்று கேட்டார்.

"பொறுமையா இருங்க ராத்தா, துஆச் செய்யுங்க" என்றேன். எங்களைப் போன்றவர்களுக்கு நாக்கில் முதலில் வருவது அதுதானே. அவர் போகவில்லை. "துஆ நான் செஞ்சிட்டுத்தான் இருக்கிறன். அவன எங்க வச்சிருக்கிறதுன்னு கேக்கத்தான் வந்தன்" என்றார்.

அவருடைய வீடு இருப்பது மகன் குடு பழகிய அதே ஒழுங்கையில். தம்பி ஒருவருக்கு வேறு ஊரில் இரும்புக்கடை இருக்கிறது. பையனைத் தன்னிடம் அனுப்பச் சொல்லியிருக்கிறார். மாமியாரோ, ஏழை வீட்டுப் பிள்ளை ஒன்றைப் பார்த்து நிக்காஹ் செய்து வைத்தால் பையன் தானாகத் திருந்திவிடுவான் என்கிறார். இந்த மூன்றில் எது? எனக்குப் பதில் தெரியவில்லை. 'நாளைக்குச் சொல்கிறேன்' என்று அனுப்பிவிட்டு, அந்த வெட்கத்தில் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்தவற்றுள் ஒன்றை உங்களுக்கும் சொல்ல வேண்டும். அது நம் நாட்டுச் செய்தியல்ல. வியட்நாம் யுத்தத்திலிருந்து வீடு திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களின் கதை.

முதலில், அங்கே போனவர்கள் யார் என்று பார்ப்போம். அக்காலத்தில் அமெரிக்காவில் கட்டாய ஆட்சேர்ப்பு இருந்தது. ஆனால் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த பையனுக்கு அழைப்பைத் தள்ளிப்போடச் சலுகை கிடைத்தது. வசதியும் படிப்பும் உள்ள வீட்டுப் பிள்ளைகள் பலர் அந்த நிழலில் ஒதுங்கிக்கொண்டார்கள். படிப்பை இடையில் விட்டவன் மாட்டிக்கொண்டான். அதுவும் போதாமல் 1966ஆம் ஆண்டு, பாதுகாப்புச் செயலாளராக இருந்த ரொபர்ட் மக்னமாரா, படையின் அறிவுப் பரீட்சையில் முன்பு தேறாமல் தள்ளப்பட்டவர்களையும் சேர்க்கும் 'ஒரு லட்சம் திட்டம்' என்ற ஒன்றைக் கொண்டுவந்தார். பெயர்தான் ஒரு லட்சம். 1971ஆம் ஆண்டு முடிவதற்குள் மூன்றரை லட்சம் பேர் வரை அப்படிச் சேர்க்கப்பட்டார்கள். பாடசாலை கைவிட்ட பிள்ளையை யுத்தம் கை நீட்டி எடுத்துக்கொண்டது என்றுதான் எனக்குச் சொல்லத் தோன்றுகிறது.

1970ஆம் ஆண்டளவில் அந்தப் பிள்ளைகளின் கைக்கு எட்டும் தூரத்தில் ஹெரோயின் வந்து குவிந்தது. நாம் குடு என்று சொல்வதும் அதைத்தான். அங்கே கிடைத்தது கலப்படம் மிகக் குறைந்த சரக்கு. விலையோ மிக மலிவு. ஊசி கூட வேண்டியதில்லை. சிகரெட் புகையிலையோடு கலந்து புகைத்தால் போதும். 1971 மே மாதம் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் இருவர் வியட்நாம் போய்ப் பார்த்துவிட்டு வந்து, படையினரில் நூற்றுக்கு 10 முதல் 15 பேர் ஹெரோயினுக்கு அடிமையாகியிருக்கலாம் என்று அறிக்கை கொடுத்தார்கள். நாடே பதறியது. இத்தனை ஆயிரம் அடிமைகள் ஊர் திரும்பினால் தெருக்கள் என்னாகும்?

பதற்றத்துக்குக் காரணம் இருந்தது. கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டன் நகரில் போதைக்கு அடிமையானவர்களுக்கென்றே 1935 முதல் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரி இருந்தது. அங்கிருந்து சுகமாகி நியூயோர்க் நகருக்குத் திரும்பிய 1,900க்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து பார்த்து 1962இல் வெளியான ஆய்வொன்று, பத்தில் ஒன்பது பேர் மீண்டும் அதே போதையில் விழுந்தார்கள் என்று சொல்லியிருந்தது. 'ஒருமுறை அடிமையானவன் என்றும் அடிமை' என்ற பேச்சுக்கு அங்கே புள்ளிவிபரமே இருந்தது. ராத்தாவின் சொந்தக்காரர்கள் சொன்னதும் இதே பேச்சுத்தான்.

1971 ஜூனில் ஜனாதிபதி நிக்சன், மனநல வைத்தியர் ஜெரோம் ஜாஃபே என்பவரை இந்த வேலைக்குப் பொறுப்பாக்கினார். ஜாஃபே செய்த ஏற்பாடு எளிமையானது. வீடு போகும் விமானத்தில் ஏறுமுன் ஒவ்வொரு சிப்பாயும் சிறுநீர் கொடுக்க வேண்டும். அதில் ஹெரோயின் தெரிந்தால் அவனுக்குப் பயணம் இல்லை. சில நாட்கள் நிறுத்தி வைத்து, உடம்பிலிருந்து நஞ்சு இறங்கிய பிறகுதான் அனுப்புவார்கள். வீடு போவதற்காக நாட்களை எண்ணிக்கொண்டிருந்தவர்களுக்கு அதைவிடப் பெரிய தண்டனை வேறென்ன?

திரும்பியவர்கள் என்ன ஆனார்கள் என்று கண்டறியும் பொறுப்பு ஒரு பெண்மணியிடம் கொடுக்கப்பட்டது. சென் லூயிஸ் நகரிலுள்ள வொஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சமூகவியலாளர் லீ ரொபின்ஸ். நான்கு ஆண்பிள்ளைகளைப் பெற்ற தாய். 2009இல் காலமானார். அவருடைய திறமை ஆட்களைத் தேடிப் பிடிப்பதில் இருந்தது. சிறுவர் மனநல நிலையம் ஒன்றுக்கு ஒருகாலத்தில் கொண்டுவரப்பட்ட 524 பிள்ளைகளை முப்பது ஆண்டுகள் கழித்துத் தேடிப் போய், அவர்கள் என்னவானார்கள் என்று 1966இல் ஒரு நூல் எழுதியிருந்தார். அதே நகரில் பழைய பாடசாலைப் பதிவேடுகளிலிருந்து பெயர் எடுத்து, 235 கறுப்பின இளைஞர்களைக் கண்டுபிடித்துப் பேசினார். அவர்களில் பத்தில் ஒருவர் ஹெரோயினுக்கு அடிமையாகியிருந்தார். யார் அந்த ஒருவர்? சிறுவயதிலேயே பொலிஸ் வரை போன குழப்படி, வீட்டில் வாப்பா இல்லாமை, உயர்தரப் பாடசாலையை இடையில் விட்டது, இந்த மூன்றும் சேர்ந்த பையன்கள்தாம் மிகப் பெரிய ஆபத்தில் இருந்தார்கள்.

தாய்மாரே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். பிள்ளை பாடசாலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வேறெங்கோ போகிறான் என்று முதலில் காட்டுவது வகுப்பு வரவு இடாப்புத்தான். நானும் ஆசிரியன், ஒரு பையன் வாரத்தில் இரண்டு நாள் வராவிட்டால் 'சளியாக இருக்கும்' என்று பேனாவை மூடியவன்தான். வாப்பா மத்திய கிழக்கில், உம்மா தனியாக, பையனுக்குப் பதினாறு வயது என்ற வீடுகள் நம்மிடையே எத்தனை! அந்தப் பையனெல்லாம் கெட்டுப்போவான் என்று நான் சொல்லவில்லை, ரொபின்ஸும் சொல்லவில்லை. அவருடைய 1966ஆம் ஆண்டு நூலின்படி குழப்படிப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் வளர்ந்து கெட்ட மனிதர்களாகவில்லை.

சிப்பாய்களுக்கு வருவோம். 1971 செப்டெம்பரில் வியட்நாமிலிருந்து ஏறத்தாழ 13,700 தரைப்படைச் சிப்பாய்கள் வீடு திரும்பினார்கள். அவர்களிலிருந்து சுமார் 900 பேரை ரொபின்ஸ் குழுவினர் தேர்ந்தெடுத்து, மறு ஆண்டில் ஒவ்வொருவராகத் தேடிப் போய்ப் பேசினார்கள். சிறுநீர்ப் பரிசோதனையில் பிடிபட்டவர்களை வேண்டுமென்றே அதிகமாகச் சேர்த்திருந்தார்கள். நூற்றுக்கு 95க்கும் மேற்பட்டோரைக் கண்டுபிடித்துப் பேசியது சாதாரண காரியமல்ல. 1974இல் பலரிடம் மீண்டும் போனார்கள்.

கிடைத்த விபரம் எல்லோரையும் திகைக்க வைத்தது. அந்தச் சிப்பாய்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் வியட்நாமில் அபினையோ ஹெரோயினையோ தொட்டிருந்தார்கள். ஐந்தில் ஒருவர் அடிமையாகவே ஆகியிருந்தார். படைக்குப் போகுமுன் அப்படி அடிமையாக இருந்தவர் நூற்றில் ஒருவர் கூட இல்லை. ஆனால் அங்கே அடிமையானவர்களில், ஊர் திரும்பிய முதல் ஓராண்டுக்குள் மீண்டும் அடிமையானவர்கள் நூற்றுக்கு 5 பேர்தான். மூன்று ஆண்டுகளை எடுத்தாலும் 12 பேர். அதுவும் கொஞ்சக் காலத்துக்கேனும் விழுந்தவர்களையும் சேர்த்துத்தான் அந்த 12. பெரும்பாலானோர் ஊரில் சிகிச்சை எதுவும் பெறாமலே விட்டிருந்தார்கள்.

இதை அமெரிக்காவில் பலர் நம்ப மறுத்தார்கள். அரசாங்கத்தைக் காப்பாற்றச் சொன்ன கதை என்றார்கள். இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் ரொபின்ஸ் இதற்கு விளக்கம் எழுத வேண்டியிருந்தது.

ஏன் விட்டார்கள்? ஊரில் அதே ஹெரோயின் கொள்ளை விலை. கலப்படமோ அதிகம், புகைத்தால் பலனில்லை; ஊசி குத்த வேண்டும். பொலிஸ் பயம் வேறு. எல்லாவற்றுக்கும் மேலாக, உம்மா, வாப்பா, பழைய சிநேகிதர்கள் யாரும் அதை ஏற்கமாட்டார்கள். வியட்நாமில் ஹெரோயினோடு கலந்திருந்த எதுவும், அந்தக் கூடாரமும் சலிப்பும் சாவுப் பயமும் சேர்ந்து புகைத்த கூட்டாளிகளும், ஊரில் இல்லை. லெக்சிங்டனிலிருந்து போனவனோ தான் குடு பழகிய அதே நியூயோர்க் தெருவுக்கே திரும்பினான். நஞ்சு ஒன்றுதான். திரும்பிப் போன இடம்தான் வேறு.

இதை அளவுக்கு மிஞ்சி எடுத்துக்கொள்ளவும் கூடாது. அந்தச் சிப்பாய்கள் அங்கே இருந்தது ஏறக்குறைய ஓராண்டு. ஐந்தாறு வருடம் குடுவில் ஊறியவர்கள் அல்லர். ஹெரோயினை விட்டவர்கள் எல்லாம் சுத்தமானவர்களாகிவிடவும் இல்லை; ஊரில் மது பலரைப் பிடித்துக்கொண்டது. படைக்குப் போகுமுன்னரே பாடசாலையிலும் தெருவிலும் வம்பை விலைக்கு வாங்கியவர்கள் திரும்பிய பிறகும் அதிகம் தடுமாறினார்கள். இன்னொன்றும் உண்டு. அடிமையாக இருந்தவர்களில் பாதிப்பேர் ஊருக்கு வந்த பின் ஒருமுறையாவது ஹெரோயினைத் தொட்டிருந்தார்கள். ஆனால் மொத்தத்தில் எட்டில் ஒருவரே மீண்டும் அடிமையானார். இதைச் சொல்லத் தயங்கினேன். மகன்மார் யாரும் இதைச் சாட்டாகப் பிடித்துக்கொள்வார்களோ என்று பயம். போதை ஹராம் என்பதில் இதனால் ஓர் எழுத்தும் மாறாது. ஆனால் ஒருமுறை வழுக்கினான் என்றதும் 'இனி இவன் சரிவரான்' என்று கதவைச் சாத்தும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். கதவு சாத்தப்பட்டவன் வேறெங்கே போவான்? அந்த ஒழுங்கைக்குத்தான்.

மறுநாள் ராத்தாவிடம் இவற்றையெல்லாம் சொல்லவில்லை. இரும்புக்கடைக்கு அனுப்புங்கள் என்றேன். தம்பியிடம் எதையும் மறைக்காமல் சொல்லிவிட்டு அனுப்புங்கள். கல்லாப்பெட்டி பக்கம் இப்போதைக்கு விட வேண்டாம். பழைய ஃபோன் நம்பரை மாற்றுங்கள். ஒழுங்கைக் கூட்டாளிகளுக்கு ஊர் பெயர் தெரிய வேண்டாம். நிலையத்தில் பார்த்த வைத்தியரிடம் காட்டுவதை மட்டும் நிறுத்த வேண்டாம்.

நிக்காஹ் விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகவே பேசினேன். சிப்பாய்களைத் திருப்பியது யாரோ ஒரு பெண்ணின் தலையில் கட்டி வைத்ததல்ல. அவர்கள் வாழ்ந்த இடமும் கூட்டும் மாறின, சரக்கு எட்டாத விலைக்குப் போனது. ஏழை வாப்பா ஒருவரிடம் உண்மையை மறைத்து அவருடைய மகளை மருந்தாக வாங்கி வருவது மோசடி. நாளை அவள் கைக்குழந்தையோடு தாய்வீட்டு வாசலில் நிற்கும்போது மாமியார் வந்து சோறு போடுவாரா? "உங்களுக்கும் ஒரு மகள் இருக்கிறாள்தானே ராத்தா?" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

பையன் இப்போது மாமாவின் கடையில் இருக்கிறான். ஏழாவது மாதம். நடுவில் ஒருமுறை சொல்லாமல் பஸ் ஏறிப் பழைய ஒழுங்கைக்கு வந்துவிட்டான். இரண்டு நாள் யாருக்கும் தகவல் இல்லை. மூன்றாம் நாள் மாமா வந்து, ஒரு வார்த்தை பேசாமல், அவனைக் கூட்டிக்கொண்டு போய்க் கடையைத் திறந்தாராம். ராத்தா இன்னும் அவன் சட்டைகளைத் தோய்க்குமுன் ஜேப்பைத் துழாவிப் பார்க்கிறார். போன வாரம் ஒரு ஆணி ரசீதும் இரண்டு டொஃபியும் கிடந்ததாகச் சொன்னார்.