விரல்களும் கேட்கின்றன



மலையூரான பண்ணைக்காட்டில் காப்பிப் பழம் பறிக்க முதன்முதலாக வருகிற பெண்ணுக்கு யாரும் பாடம் எடுப்பதில்லை. "கொப்ப வளைச்சுப் பிடி தாயி. இழுக்காத, திருகி எடு" என்கிறார் பக்கத்துச் செடியில் நிற்கிற அக்கா. சொல்லும்போதே அவருடைய கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் வெறுங்காற்றில் ஒரு பழத்தைத் திருகுகின்றன. கேட்கிறவளின் விரல்களும் அவளை அறியாமல் கூடவே திருகும். பேச்சைப் புரிந்துகொள்வதில் உடம்புக்கும் பங்கு உண்டா என்று கேட்டால், அந்த அக்கா சிரிப்பார்.

அதே மலையில் இன்னும் மேலே, கொடைக்கானலில், 1942 முதல் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி தங்கியிருந்தார். 1939இல் அடையாறுக்குப் பயிற்சி வகுப்பு எடுக்க வந்தவர். உலகப் போரில் இத்தாலி எதிரி நாடாகிவிட, ஊர் திரும்ப வழியில்லை. உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவிப் படிக்கும் அவர் முறை பலருக்கும் தெரியும். எனக்குப் பிடித்தது அவருடைய சீட்டு விளையாட்டு. சீட்டில் ஒரு கட்டளை இருக்கும், 'கதவைச் சத்தமில்லாமல் சாத்து' என்பதுபோல. குழந்தை மனதுக்குள் படித்துவிட்டு எழுந்து போய் அதைச் செய்யும். புரிந்ததா என்று டீச்சர் கேட்கவே வேண்டாம். கதவு 'டமார்' என்றால் 'சத்தமில்லாமல்' இன்னும் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் கிளென்பெர்க் 2004இல் இதற்குப் பக்கத்தில் வந்தார். பண்ணை வீடு, டிராக்டர், ஆடுமாடு என்று பொம்மைகளை வைத்து, கதையின் வாக்கியப்படி அவற்றை நகர்த்தச் சொன்னார். நகர்த்திப் படித்த பிள்ளைகளுக்கு, திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிடக் கதை நன்றாகப் பிடிபட்டது. ஆனால், 2002இல் அவரும் மைக்கேல் காஷாக்கும் சொன்ன வேறொரு முடிவு நிலைக்கவில்லை. வாக்கியம் சொல்லும் திசையிலேயே கையும் நகர்ந்தால் சீக்கிரம் புரிகிறது என்றார்கள். பின்னாளில் பல ஆய்வகங்கள் சேர்ந்து சோதித்தபோது அந்த வேகம் தென்படவில்லை. சோதித்தவர்களில் அவர்கள் இருவரும் உண்டு. அந்த நேர்மைக்கு ஒரு சபாஷ்.

ஆக, கையை ஆட்டினால் எல்லாம் விளங்கிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. 'கையைக் கட்டு, வாயைப் பொத்து' என்கிற வகுப்பறைமேல்தான் என் கோபம். திண்ணைப் பள்ளியில்கூடப் பிள்ளைகள் சொல்லிக்கொண்டே மணலில் விரலால் எழுதினார்கள்.

உங்கள் தொழிலில், கையால் செய்து காட்டாமல் சொல்லவே முடியாத ஒரு வாக்கியம் இருந்தால் எழுதி அனுப்புங்கள். பரோட்டா வீசுகிறவர்களும் பூ கட்டுகிறவர்களும் கட்டாயம் எழுத வேண்டும். அடுத்த இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்