பாட்டிக்கு மெஷின்னா பயமாம்! யார் சொன்னது?

"கிராமத்து ஜனங்களுக்கு டெக்னாலஜி என்றாலே பயம் சார். முதலில் அவங்க மனநிலை மாறணும்."

மருத்துவத்தில் தொழில்நுட்பம் என்று பேச்செடுத்தால் போதும், இந்த வசனம் ஓடி வந்துவிடும். கல்லூரிக் கருத்தரங்குகளில் இதற்கென்றே ஒரு ஸ்லைடு உண்டு. தலைப்பு: 'விழிப்புணர்வு இன்மை'. பக்கத்தில் கூகிளில் எடுத்த ஒரு வடநாட்டுப் பாட்டியின் படம். நம்ம முசிறிப் பாட்டி கூடக் கிடைக்கவில்லை போலிருக்கிறது! நாமும் கைதட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறோம்.

நான் படிப்பது காமர்ஸ். ஒரு சரக்கு விற்கவில்லை என்றால் சரக்கைப் பார், விலையைப் பார், கடை எங்கே இருக்கிறது என்று பார் என்றுதான் எங்களுக்குச் சொல்லித்தருகிறார்கள். 'வாங்க வந்தவன் மடையன்' என்று எழுத எந்த லெட்ஜரிலும் பத்தி கிடையாது. மருத்துவ ஆப் விஷயத்தில் மட்டும் அது எப்படிச் செல்லுபடியாகிறது?

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டுக்கு 108 ஆம்புலன்ஸ் வந்தது. லால்குடிப் பக்கம் ஒரு வயல்காட்டிலிருந்து போன் அடித்தால் சென்னையில் எடுப்பார்கள். அங்கிருந்து பக்கத்தில் நிற்கும் வண்டிக்குத் தகவல் போகும். இதைவிட டெக்னாலஜி என்ன வேண்டும்? இன்று அந்த மூன்று எண்ணும் தெரியாத குழந்தை எந்த ஊரில் இருக்கிறது? அடித்தால் வண்டி வருகிறது. அவ்வளவுதான் ரகசியம்.

2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கினார்கள். தன்னார்வலரான ஒரு பெண் பி.பி. மெஷினும் சுகர் மெஷினும் எடுத்துக்கொண்டு வீடு வீடாக வருகிறார். "பயமாயிருக்கு, கிட்ட வராதே" என்றா பாட்டிகள் ஓடினார்கள்? கையை நீட்டிவிட்டு, "போன மாசத்துக்கு இப்ப எவ்வளவு கூடியிருக்கு?" என்று கணக்குக் கேட்கிறார்கள்!

தேனிப் பக்கம் போனால் இன்னும் நல்ல உதாரணம். அரவிந்த் கண் மருத்துவமனை 2004 வாக்கில், அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆட்களோடு சேர்ந்து, நெடுந்தூர வை-ஃபை மூலம் சிற்றூர்களில் கண் மையங்களை இணைத்தது. பயிற்சி பெற்ற ஒரு பெண் கண்ணைச் சோதிப்பார். டாக்டர் பெரிய ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து வீடியோவில் பேசுவார். ஸ்மார்ட்போன் பரவாத காலத்திலேயே ஜனங்கள் அந்தப் பெட்டி முன்னால் உட்கார்ந்து கண்ணைக் காட்டினார்கள். இன்று அப்படிப்பட்ட மையங்கள் 100-க்கும் மேல்.

அப்புறம் எங்கேதான் சிக்கல்? பச்சமலையில் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் இருக்கும் ஒரே ஸ்மார்ட்போன் மகன் கையில். ஓ.டி.பி. அதற்குத்தான் வரும். மாதவிலக்குப் பிரச்சினையை மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஸ்க்ரீனில் சொல்ல வேண்டும். எந்தத் தாய் சொல்வாள்? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்திய பெண்கள் தமிழ்நாட்டிலேயே பாதிக்கும் குறைவு. அதே ஆய்வில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 99 சதவீதத்துக்கு மேல் மருத்துவமனையில்! ஆஸ்பத்திரியைக் கண்டு பயந்த ஜனமா இது?

சரி, எப்படியோ டாக்டர் லைனில் வந்துவிட்டார். ரத்தம் டெஸ்ட் பண்ணுங்க, இந்த மாத்திரை வாங்குங்க என்கிறார். இரண்டுக்கும் துறையூர் இறங்க வேண்டும். அங்கே போனால், "இதெல்லாம் நேர்ல காட்டணும்மா, திருச்சி போங்க." ஆக, இரண்டு நாள் கூலி போச்சு. முதல் நாளே புத்தூர் பெரியாஸ்பத்திரிக்கு பஸ் ஏறியிருந்தால் ஒரு நாளோடு போயிருக்கும். அடுத்த முறை அவள் ஆப்பைத் தொட மாட்டாள். நாம் பரீட்சையில் பத்து மார்க்குக்கு 'வாய்ப்புச் செலவு' என்று பக்கம் பக்கமாக எழுதுவதை அவள் மனக்கணக்காகப் போட்டுவிட்டாள். நாம் அதற்கு 'அறியாமை' என்று பெயர் வைக்கிறோம்!

பயமே கிடையாதா என்று கேட்பீர்கள். உண்டு. 2021-ல் கொரோனா தடுப்பூசிக்குப் பயந்தார்கள். அந்தப் பயத்தை வாட்ஸ்அப்பில் பரப்பியதில் நகரத்துக்காரர்களுக்குப் பங்கில்லையா? ஸ்ரீரங்கத்து மாடவீதியிலும் தில்லைநகர் அபார்ட்மெண்டிலும் அதே பயம்தான் இருந்தது. அதைப் போக்கியதும் போஸ்டர் இல்லை. தெரிந்த நர்சு வந்து, "நானே போட்டுக்கிட்டேன், வாங்க" என்று சொன்ன வார்த்தை.

எனக்குக் கோபம் வருவது இதனால்தான். 'மனநிலை' என்று சொல்லிவிட்டால் பணம் பேரணிக்கும் துண்டறிக்கைக்கும் போகும். காலியாகக் கிடக்கும் நர்சு பணியிடத்தையும், துணை சுகாதார நிலையத்தில் வராத இணையத்தையும், தீர்ந்துபோன மாத்திரையையும் யாரும் கேட்க வேண்டியதில்லை. குற்றவாளிதான் கிடைத்துவிட்டாரே, அந்தப் பாட்டி!

கேட்க வேண்டியது பெரிய விஷயமெல்லாம் இல்லை. துணை சுகாதார நிலையத்தில் நர்சு பக்கத்திலிருக்க, கதவு சாத்திய அறையில், தமிழில் டாக்டரோடு பேச வேண்டும். மாத்திரை அங்கேயே கையில் கிடைக்க வேண்டும். அடுத்த மாதமும் அதே டாக்டர் வர வேண்டும். இவ்வளவையும் செய்துவிட்டு, அப்புறமும் ஜனம் வரவில்லை என்றால் மனநிலை பற்றிப் பேசுவோம்.

வகுப்புத் தோழர்களே, அடுத்த ப்ராஜெக்டுக்கு ஸ்லைடு போடுவதற்கு முன்னால் ஒருநாள் காலை ஏழு மணிக்கு சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வாருங்கள். துறையூர் பஸ்ஸிலிருந்து ஸ்கேன் கவரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்குகிறவர்களிடம் கேட்போம், அவர்களுக்கு எதைக் கண்டு பயம் என்று.